சாவ்காவின் எலுமிச்சைக் குவியல்

ரூசே,
12 நவம்பர் 1990

சாவ்கா,

'அன்புள்ள' என்று போடவில்லை, கவனித்தாயா? வேண்டுமென்றேதான் போடவில்லை. இருபத்தொரு வருஷம் ஒரே அறையில், மேசையோடு மேசை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தவள், போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. மேசைச் சாவியை என் காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மறுநாள் காலை காபி ஊற்றினேன், 'ணங்' என்றது. அப்படித்தான் நீ ஊரைவிட்டே போனது எனக்குத் தெரிந்தது. ஹாஸ்கோவோவில் உன் தங்கைக்கு மூன்று முறை போன் போட்டு இந்த முகவரியை வாங்கினேன்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். அக்டோபர் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இருபத்தொரு வருஷம் பொய்ய வித்தாச்சு. இனிமே உருப்படியா ஏதாவது சாமான் விக்கப் போறேன். புதுப் பொய் படிக்கணும்னு ஆசப்படுறவங்க இங்கயே உக்காந்து படிக்கட்டும்" என்று நேராக என்னைப் பார்த்துக் கத்தினாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. நாம் இருவரும் ஒரே பாடத்தைத்தானே நடத்தினோம்? உன் குறிப்பைப் பார்த்து நானும், என் குறிப்பைப் பார்த்து நீயும்தானே எழுதினோம்? நான் மட்டும் எப்படியடி பொய்க்காரி ஆனேன்?

போன வாரம் துறைப் பலகையை மாற்றினார்கள். 'சோஷலிச அரசியல் பொருளாதாரம்' கழன்று விழுந்தது. புதிய பலகை கொஞ்சம் சிறியது, அதனால் பழைய திருகாணி ஓட்டைகள் நாலும் வெளியே தெரிகின்றன. துறைத் தலைவர் ஸ்தாமெனோவ் அதன் முன்னால் நின்று, "இனிமே நாம பொருளாதாரக் கோட்பாட்டுத் துறை, தோழர்களே" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயா, அம்மாமாரே" என்று திருத்தினார். மாணவர்களும் அப்படித்தான். நேற்று ஒருத்தி என்னை "தோழர் மேடம்" என்று கூப்பிட்டாள்.

ஏப்ரலில் ஒரு குழு வருகிறது. நாங்கள் ஒவ்வொருவரும் அவர்கள் முன்னால் புதிய பாடத்தில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது. என் முப்பது கேள்விச் சீட்டுகளையும், பிள்ளைகள் ஒன்றை உருவிப் பதில் சொல்லப் பரீட்சை மேசையில் கவிழ்த்துப் பரப்பிவைப்பேனே, அந்த மஞ்சள் சீட்டுகளை, டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். புதிய பாடத்துக்கு மொழிபெயர்த்த புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றே ஒன்றுதான், ஐந்து பேருக்கு. செவ்வாயும் வெள்ளியும் என் முறை.

செப்டம்பரில் நாம் சேர்ந்து போட்ட மிளகாய் விழுதில் உன் பங்கு பன்னிரண்டு ஜாடி என் வீட்டில் இருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்கும்வரை அனுப்பமாட்டேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நெவேனா

*

ஹாஸ்கோவோ,
2 டிசம்பர் 1990

என் அருமை நெவேனா,

நான் 'அருமை' போட்டிருக்கிறேன், கவனித்தாயா? மன்னிப்பு மட்டும் இல்லை. ஜாடிகளை நீயே வைத்து அழகுபார்.

நான் உன்னைப் பார்த்துக் கத்தவில்லை. உனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்துக் கத்தினேன். அதில் கட்சி மாநாட்டுத் தீர்மானங்கள் பதினெட்டுப் பாகம் இருந்ததே, அதைப் பார்த்து. நீ நடுவில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்ய?

இப்போது நான் பெரிய வியாபாரி. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் எல்லை தாண்டி எதிர்னே ஊருக்குப் போகிறேன். கட்டம் போட்ட பெரிய பை இரண்டு. போகும்போது இங்கத்து இரும்புச் சாமான், துரப்பணம், அம்மாவின் படுக்கை விரிப்பு. வரும்போது எலுமிச்சை, சூயிங்கம், ஜீன்ஸ். முதல் நாள் இங்கே ஹாஸ்கோவோ சந்தையில் ஒரு பழம்கூட விற்கவில்லை, தெரியுமா? கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரி ஐஷே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, அப்படி மொறச்சுப் பாக்காதீங்க. வாங்க வர்றவங்க காப்பி அடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி ஓடுறாங்க" என்றாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் இரண்டு கிலோ போயிற்று.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கால் வலிக்கிறது, குளிர் எலும்பில் ஏறுகிறது. ஆனால் கூட்டம் இல்லை, அறிக்கை இல்லை, ஸ்தாமெனோவ் இல்லை. சொர்க்கம்தான்.

நீ படி. உருப்போடாதே, படி. உனக்கு உருப்போடுகிற வியாதி உண்டு.

சாவ்கா

*

ரூசே,
20 ஜனவரி 1991

சாவ்கா,

இரண்டு மணி நேரம் மின்சாரம், இரண்டு மணி நேரம் இருட்டு. கடைகளில் வினிகர் பாட்டிலும் உப்பும்தான் இருக்கின்றன. பாலாடைக்கட்டிக்காக நேற்று மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது விற்பவள் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரிசையிலேயே ஏழாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன், அது ஒன்றுதான் லாபம்.

புத்தகம் வேடிக்கையாக இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பேஸ்பால் டிக்கெட்டை உதாரணம் சொல்கிறார்கள். மூன்றாம் வருடத்துப் பையன் ஒருவன், "பேஸ்பால்னா என்ன, மேடம்?" என்றான். கச்சேரி மாதிரி ஒன்று என்று சொல்லிவைத்தேன். தப்பா?

ஆனால் ஒரு பெரிய விஷயம் கண்டுபிடித்தேன். கேட்டால் நீ கைதட்டுவாய். புத்தகத்தில் எல்லாப் படத்தையும் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள்! விலை கூடினால் மக்கள் வாங்கும் அளவு குறைகிறது, அதற்கு ஒரு கோடு. சரி. விலை காரணம், அளவு விளைவு. காரணத்தைப் படுத்திருக்கிற கோட்டிலும் விளைவை நிற்கிற கோட்டிலும் குறிக்கவேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பொருளாதாரத்துக்கு வருவதற்கு முன் இரண்டு வருஷம் கணிதம் படித்தவள் நான், எனக்கா தெரியாது? புத்தகத்தில் விலை நின்றுகொண்டிருக்கிறது, அளவு படுத்திருக்கிறது. மொழிபெயர்த்தவன் படத்தைத் திருப்பி ஒட்டிவிட்டான் போலிருக்கிறது. நாற்பத்தொரு படத்தையும் பென்சிலால் திருத்திவிட்டேன். என் மாணவர்கள் நூற்றிருபது பேரும் இப்போது சரியாக வரைகிறார்கள்.

இந்தப் பாடத்தில் முதல்முறையாக எனக்கு வீட்டுக்காரி மாதிரி இருந்தது, சாவ்கா. அதுவரை யாரோ வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரியே இருந்தது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. எதிர் மேசை காலியாகக் கிடக்கிறது. ஒரு சந்தேகம் வந்தால் தலையை நிமிர்த்திக் கேட்க ஆளில்லை.

நெவேனா

*

ஹாஸ்கோவோ,
9 பிப்ரவரி 1991

நெவேனா கண்ணு,

பார்த்தாயா கூத்தை? ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி கடையில் ஒன்றுமில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதி விலைக்கட்டுப்பாட்டை எடுத்தார்கள், காலையில் போனால் பாலாடைக்கட்டி, வெண்ணெய், தொத்திறைச்சி, எல்லாம் வரிசையாக உட்கார்ந்து நம்மைப் பார்த்து இளிக்கிறது! இரவோடு இரவாகப் பசு கன்று போட்டுப் பால் கறந்ததா? என் தங்கை கடை வாசலில் நின்று அழுதாள். "நேத்துவரைக்கும் சாமான் இல்லேன்னு அழுதேன். இன்னிக்குச் சாமானப் பாத்து அழுறேன்" என்றாள். அவள் பென்ஷனுக்கு அதைப் பார்க்கத்தான் முடியும். உன் புத்தகம் அந்த அழுகையை எந்தக் கோட்டில் போடுகிறது என்று பார்த்துச் சொல்.

படத்தைத் திருத்தினாயாமே. நாற்பத்தொன்றையுமா? ஒரு படம் திரும்பி ஒட்டியிருக்கலாம், இரண்டு இருக்கலாம். நாற்பத்தொன்றுமா, அடி மக்கு? யாரிடமாவது கேள்.

எனக்குப் புத்தகம் தெரியாது. என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் எலுமிச்சையைக் கோணியில் கொட்டுவேன். தரையில் குவியல் படுத்திருக்கும். முதலில் குவியலைத்தான் பார்ப்பேன். அது பெரிதா, சிறிதா? இன்றைக்கே தீரவேண்டும், நாளைக்குத் தோல் சுருங்கிவிடும். இவ்வளவும் போகவேண்டுமானால் என்ன விலை சொல்லலாம் என்று பிறகுதான் யோசிப்பேன். குவியல் பெரிதாக இருந்தால் விலை குட்டையாக நிற்கும். எல்லையில் அதிகாரி பாதியைப் பிடுங்கிக்கொண்ட நாளில் குவியல் சின்னது, விலை நெட்டையாக நிற்கும். ஐஷே என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. குவியலைப் பார்த்தே, "இன்னிக்கு எவ்வளவு சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா" என்பாள்.

சரி, என் பிழைப்புக் கதை போதும். மார்ச் முதல் தேதிக்குச் சிவப்பு வெள்ளை நூல் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டிக்கொள். வசந்தத்தின் முதல் நாரை கண்ணில் படும்வரை அவிழ்க்காதே. வருஷா வருஷம் நான்தானே கட்டிவிடுவேன், இந்த வருஷம் பல்லால் பிடித்து நீயே கட்டிக்கொள்.

சாவ்கா

*

ரூசே,
18 மார்ச் 1991

சாவ்கா மிஹ்னேவா,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் விழுந்துவிடுவாய், ஏனென்றால் நான் கத்தப்போகிறேன்.

குழுவுக்குக் கொடுக்க என் சான்றிதழ் நகல் வேண்டியிருந்தது. செயலாளர் கினேவா கோப்புக் கட்டையே என் மடியில் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போனாள். உள்ளே ஒரு தாள், அக்டோபர் மாதத்துத் தாள். 'இரண்டு ஆசிரியர்கள், மிஞ்சுவது ஓர் இடம்.' கீழே நம் பெயர்கள். மிஹ்னேவா நாற்பத்தொரு புள்ளி, கலுடோவா முப்பத்தெட்டு. அடுத்த தாள் உன் ராஜினாமா. அதன் தேதி கூட்டத்துக்கு முந்தின நாள்!

கினேவாவைப் பிடித்து உலுக்கினேன். "சாவ்கா மேடம் அந்தத் தாளப் பாத்தாங்க. பாத்துட்டு இங்கயே நின்னு ராஜினாமா எழுதிக் குடுத்தாங்க. 'நெவேனாகிட்ட மூச்சு விட்டே, உன்னக் கொன்னுருவேன்'னு சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதாள்.

ஆக, அந்தக் கத்தலெல்லாம் நாடகம். நான் உன்மேல் கோபப்படவேண்டும், கோபத்தில் உன் பின்னால் ஓடிவராமல் இருக்கவேண்டும், அதுதானே கணக்கு? யாரைக் கேட்டு என் வேலையைக் காப்பாற்றினாய்? நான் உன்னிடம் பிச்சை கேட்டேனா? ஐந்து மாதமாக நீ எல்லைப் பனியில் கோணி தூக்குகிறாய், நான் உன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும், அதற்கு முன் நாலு அறை விடவேண்டும்.

ஸ்தாமெனோவிடம் போய் வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

நெவேனா

*

ஹாஸ்கோவோ,
24 மார்ச் 1991

நெவேனா,

சொன்னால் உன்னோடு இந்த ஜன்மத்தில் பேச்சு கிடையாது.

இதில் தியாகம் கியாகம் ஒன்றுமில்லை, அழுமூஞ்சி. யோசித்துப் பார். நான் தெருவில் நின்று, "வாங்கம்மா வாங்க, சாறு சொட்டுற பழம்!" என்று கூவுவேன். நீ கூவுவாயா? உன் கல்யாணத்திலேயே நீ சத்தமாகச் சிரிக்கவில்லை. எதிர்னேயில் உன்னை விட்டால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவாய். இரண்டு பேரில் ஒருத்திதான் வெளியே பிழைப்பாள். அவள் வெளியே போனாள். அவ்வளவுதான்.

எனக்குக் கஷ்டமே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். பிப்ரவரியில் ஒரு நாள் எல்லையில் ஆறு மணி நேரம் நின்றேன். அந்தச் சமயம் உன் வகுப்பு நேரம். நெவேனா இப்போது சாக்பீஸ் கையோடு மூக்கைச் சொறிந்திருப்பாள், மூக்கு வெள்ளையாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் போய்விட்டது.

வகுப்பு எடு. தேறு. நீ தேறாவிட்டால் என் கால்வலி வீண். அந்தப் படத்தைப் பற்றி இன்னும் யாரிடமும் கேட்கவில்லைதானே? தெரியும் எனக்கு. யாரிடமும் 'தெரியாது' என்று சொல்லமாட்டாய், கொழுப்பு.

சாவ்கா

*

ரூசே,
19 ஏப்ரல் 1991

என் அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள சாவ்கா,

பாக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

நேற்று வகுப்பு. முன்வரிசையில் குழு: சோஃபியாவிலிருந்து இரண்டு பேர், ஹாலந்திலிருந்து ஒரு பேராசிரியர், அவருக்கு மொழிபெயர்க்க ஒரு பெண். பின்னால் என் பிள்ளைகள். ஸ்தாமெனோவ் சுவரோரம் வியர்த்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டில் உன் நூல், நாரை இன்னும் கண்ணில் படவில்லை.

நான் கரும்பலகையில் படம் வரைந்தேன். விலை படுத்த கோட்டில், அளவு நின்ற கோட்டில். திரும்பிப் பார்க்கிறேன், ஹாலந்துக்காரர் தலையை ஒருபக்கம் சாய்த்து, கழுத்து சுளுக்கினவர் மாதிரி பலகையைப் பார்க்கிறார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, "இதத்தான் படிச்சீங்களா?" என்று கேட்கவைத்தார். நூற்றிருபது தலையும் நம் ஊர் வழக்கப்படி இடமும் வலமும் ஆடி 'ஆமாம்' என்றது. அவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார். பாவம் அந்த மொழிபெயர்ப்புப் பெண், காதில் உண்மையைச் சொன்னதும் மனுஷர் மறுபடி நிமிர்ந்துவிட்டார்.

பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார். உலகம் முழுக்க இந்தப் படத்தைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் வரைகிறார்களாம். நூறு வருஷமாக. பிழையே இல்லையாம். "கணக்குப் படிச்சவங்களுக்கு இது பிடிக்காதுதான். ஆனா நீங்க ஏன் மாத்தினீங்க?"

சாவ்கா, நாற்பத்தொரு படம். நூற்றிருபது பிள்ளைகள். ஸ்தாமெனோவ் கூரையைப் பார்த்தார். பழைய நெவேனா என்ன செய்திருப்பாள் என்று உனக்குத் தெரியும். மாநாட்டுத் தீர்மானம் ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பாள். நான் வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியல. பிழைன்னு நெனச்சேன். யாரையும் கேக்கல" என்றேன். இருபத்தொரு வருஷத்தில் ஒரு வகுப்பறையில் நான் 'தெரியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சொல்லிய பிறகுதான் உன் குவியல் ஞாபகம் வந்தது. நீ பிப்ரவரியிலேயே எழுதியிருந்தாய், நான்தான் பிழைப்புக் கதை என்று படித்துவிட்டு மடித்துவைத்தேன்! கைப்பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்தேன். சத்தமாகப் படித்தேன். குவியல் தரையில் படுத்திருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்கிறேன், விலை பிறகு எழுந்து நிற்கிறது, எல்லாம். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். அளவைப் படுக்கவைத்தேன், விலையை நிற்கவைத்தேன். பின்வரிசையில் ஒருத்தி, "அட!" என்றாள். அவளுடைய அம்மாவும் சந்தையில் நிற்கிறாளாம். அதோடு விட்டேனா? உன் தங்கை கடை வாசலில் அழுததையும் படித்தேன். "இத எந்தக் கோட்டுல போடுறதுன்னு புத்தகத்துல இல்ல. நானும் தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ஹாலந்துக்காரர் கேட்டார்: "இத எழுதின பொருளாதார அறிஞர் யாரு?"

"சாவ்கா மிஹ்னேவா. இந்தத் துறைக்காரங்க. என்னைவிட மூணு புள்ளி அதிகம் வாங்கினவங்க. எனக்காக எழுந்து போய் ஹாஸ்கோவோ சந்தையில எலுமிச்சை விக்கிறாங்க" என்றேன். ஸ்தாமெனோவின் முகம் நம் மிளகாய் விழுது நிறத்துக்கு வந்தது.

குழு என்னைத் தேர்ச்சி என்று எழுதியது. பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையக்கூடாது, தவறு என்னுடையது என்று கேட்டு வாங்கினேன். ஸ்தாமெனோவ் கைகுலுக்க வந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இந்த இடத்த ரெண்டு அரை இடமாக்குங்க. ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி சாவ்காவுக்கு" என்றேன்.

"உங்களுக்குப் பைத்தியமா, கலுடோவா? இப்ப இருக்கிற விலைக்கு அரைச் சம்பளத்துல ரொட்டியும் தயிரும்கூட வராது!"

"பன்னெண்டு ஜாடி மிளகாய் விழுது இருக்கு" என்றேன்.

இன்று காலை கையெழுத்துப் போட்டார். உனக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. மிச்ச நாள் நீ வியாபாரியாகவே இரு. நானும் வருகிறேன், பை தூக்குகிறேன். கூவத்தான் மாட்டேன். புதிய கேள்விச் சீட்டு முப்பது எழுதிவிட்டேன். பதினேழாவது சீட்டு: 'காலையில் குவியலைப் பார்க்கிறவள் எதை முடிவு செய்கிறாள்?'

உன் மேசைச் சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. காபியில் ஊறிக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. வரமாட்டேன் என்றால் சாவியை நீயே கொண்டுவந்து என் முகத்தில் எறி.

உன் நெவேனா

*

ஹாஸ்கோவோ,
26 ஏப்ரல் 1991

பைத்தியமே,

என் கடிதத்தை ஊர் முழுக்கப் படித்துக்காட்டினாயா? அதில் நான் உன்னை 'மக்கு' என்று எழுதியிருந்தேனே, அதையுமா? ஐஷேயிடம் சொன்னேன். ஹாலந்துக்காரர் அறிஞர் என்றாராம் என்றதும், "அறிஞரே, ஓரமா நில்லுங்க, வாடிக்கைக்காரரை மறைக்குறீங்க" என்கிறாள். இரண்டு நாள் என் கடையை அவள் பார்த்துக்கொள்வாள்.

அரைச் சம்பளம். யாரைக் கேட்டுப் பாதியை வெட்டிக் கொடுத்தாய்? நான் பிச்சை கேட்டேனா? இந்த வரியை எங்கோ படித்த மாதிரி இருக்கிறதல்லவா? உன்னிடமிருந்துதான் எடுத்தேன். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நேற்று எல்லையில் பஸ் நின்றபோது சாவியை எடுத்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி வெங்காயம் வைத்திருந்தாள், அவள்மேல் பழியைப் போட்டேன்.

திங்கட்கிழமை ரயிலில் வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வேண்டும், உன் புத்தக நாட்களைப் பிடுங்கிக்கொள்கிறேன். ஒரு கோணி எலுமிச்சை கொண்டுவருகிறேன், வகுப்பில் கொட்டுவதற்கு. ஸ்டேஷனுக்கு வா. தனியாகத் தூக்கமுடியாது.

இன்னொன்று. அலமாரியைப் பார்த்துக் கத்தினேன் என்று எழுதியிருந்தேனல்லவா? பொய். உன்னைப் பார்த்துத்தான் கத்தினேன். அந்த அறையை விட்டுப் போகுமுன் கடைசியாக ஒரு தடவை உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. கத்தாமல் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

சாவ்கா